கொல்லிமலைத் தொண்டர் ஜெஸ்ஸி பிராண்டு

முன்னுரை

சங்கத் தொகைநூல்களைப் பயிலும் மாணாக்கர்க்குக் கொல்லிமலை புதிய பெயரன்று. வல்வில் ஓரி என்னும் வள்ளல் அம்மலைக்குத் தலைவனாய் விளங்கினான். வன்பரணர் என்னும் புலவர் அவன் வில்லாற்றலையும் கொடைச் சிறப்பையும் பாடினார். காண்போர் உள்ளத்தைக் கவரும் கொல்லிப்பாவையைத் தலைவியின் எழிலுக்கு உவமையாக்கிய பாட்டுக்களும் உள. இங்ஙனம் ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டுகளாக நம் ஏடுகளில் கொல்லிமலை இடம்பெற்று வருகின்றது. ஆயின், கொல்லிமலை மக்களின் கைகளில் ஏடு புகுந்ததோ நேற்று நிகழ்ந்த செய்தியே யாகும். தம் மலையைப் பாடிய பாட்டைத் தாமே படித்தறிய இயலாத நிலையில் ஒரு மக்கட்கூட்டம் நெடுங்காலம் வாழ்ந்தது என்பதை எண்ணுந்தோறும், தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயிலும் நமக்கு நாணம் தோன்றாமற் போகாது.

சென்ற கோடை விடுமுறையில் நண்பர் இருவருடன் குண்டனி நாட்டிற்குச் சென்றிருந்தேன். கொல்லிமலையில் ஊர்த்தொகுதிகளை நாடு என்றே வழங்குவர். வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, சேளூர் நாடு, தின்னனூர் நாடு என்பன போலக் குண்டனி நாடும் அவற்றுள் ஒன்று. ஆங்கே ஒரு பலாமரத்தடியில் வணிகர் ஒருவர் பழங்களை விலைபேசிக்கொண்டிருந்தார். பழங்களைத் தரம் பிரித்து, ஒவ்வொரு தரத்திற்கும் ஒவ்வொரு விலை கூறி, இறுதியில் ஒரு தொகையைச் சொன்னார். மரத்தினின்றும் இறங்கி நின்ற பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவன், தாளும் எழுதுகோலும் இன்றி, அத்தொகை நாற்பது ரூபாய் குறைகின்றது என்று உடனே கூறினான். வணிகர் மீண்டும் கூட்டிப் பார்த்தார். சிறுவன் கூறியதே சரியாக இருந்தது. நான் வியப்புற்று, எந்த வகுப்பிற் பயில்கின்றாய் என வினவினேன். தமையன் நோயுற்ற ஆண்டில் பள்ளியை விட்டதாகவும், பின்னர்ச் சென்றபோது பாடம் தொலைவிற் போய்விட்டமையால் நின்றுவிட்டதாகவும் அவன் விடை பகர்ந்தான்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மேனிலைப் பள்ளியிற் பயின்றபோது நானும் கணக்குப் பாடத்தில் ஒருமுறை தவறியவன். எந்தையார் கடன் வாங்கித் தனிப்பயிற்சிக்கு அனுப்பினார். மறு தேர்வில் தேறினேன். இன்று கல்லூரி மாணவன் என்னும் பெயருடன் உலவுகின்றேன். அச்சிறுவனுக்கும் எனக்கும் இடையே நின்ற வேறுபாடு அறிவு வேறுபாடு அன்று. பிறிதொன்று அங்கே நின்றது. அது யாதென ஆராய்ந்தபோது, அம்மலையிலேயே அதற்கு விடை தேடி உழைத்து, அம்மண்ணிலேயே அடங்கிய ஒரு பெரியாரின் வாழ்க்கை என் நினைவிற்கு வந்தது. அவரே ஜெஸ்ஸி மான் பிராண்டு. அவர் வரலாற்றைச் சுருங்கக் கூறுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இளமையும் வருகையும்

ஜெஸ்ஸி பிராண்டு 1885ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தார். கில்டுபோர்டு என்பது அவர் ஊர். கட்டடத் தொழில் அவர் கைவந்த கலை. சுவர் எழுப்பவும், மரம் இழைக்கவும், கூரை வேயவும் அவர் கைகள் அறிந்திருந்தன. பெரும்பட்டம் பெற்ற புலவராக அவர் நம் நாட்டிற்கு வந்தாரல்லர். தொழில் அறிந்த உழைப்பாளியாகவே வந்தார். அயல்நாடுகளுக்குச் செல்லும் தொண்டர்க்கு அடிப்படை மருத்துவம் கற்பிக்கும் பொருட்டு இலண்டனில் அமைந்திருந்த லிவிங்ஸ்டன் கல்லூரியில் ஓராண்டு பயின்றார். 1907ஆம் ஆண்டு ஸ்டிரிக்ட் பாப்டிஸ்டு சங்கத்தாரின் தொண்டராகத் தமிழகம் போந்தார்.

அக்காலத்தில் கொல்லிமலை என்ற பெயரைக் கேட்டாலே சமவெளியினர் அஞ்சுவர். கடல் மட்டத்திற்கு மேல் 1,000 முதல் 1,300 மீட்டர் வரை உயர்ந்து நிற்கும் அம்மலைக்கு இன்றுள்ளதுபோல எழுபது வளைவுகளுடன் கூடிய வண்டிப்பாதை அன்றில்லை. நடந்தோ, டோலியில் அமர்ந்தோதான் ஏறுதல் வேண்டும். ஏறினும், மலைக்காய்ச்சல் எவரையும் எளிதில் விடுவதில்லை. அதனால் அதனைச் சாவு மலை என்றே பலரும் கருதினர். அம்மலையில் வாழ்வோர் மலையாளிகள் எனப்படுவர். மலையை ஆள்வோர் என்னும் பொருளிற் பிறந்த அப்பெயர் சேரநாட்டு மலையாள மொழியினரைக் குறிப்பதன்று. இவர்கள் தாய்மொழி தமிழே. தம் முன்னோர் காஞ்சிபுரத்தினின்றும் வந்தவர் என்பது இவர்களிடை வழங்கும் செவிவழிச் செய்தி. பள்ளத்தில் நெல்லும், சரிவில் சாமை, தினை, கேழ்வரகு முதலியனவும் விளைத்து உண்டு, அடிவாரச் சந்தைக்கு இறங்கி உப்பும் துணியும் பெற்று வாழ்ந்தனர்.

பிராண்டு அடிவாரத்துச் சேந்தமங்கலத்தினின்றும் மலையேறி இம்மக்களைக் கண்டார். அவர் உள்ளம் அவர்பாற் சென்றது. 1913ஆம் ஆண்டு எவெலின் கான்ஸ்டன்ஸ் ஹாரிஸ் என்னும் பெருமாட்டியை மணந்தார். அவ்வம்மையார் இலண்டன் மாநகரில் செல்வ வணிகர் ஒருவரின் திருமகளாய்ப் பிறந்தவர்; ஓவியக் கலை பயின்றவர்; கணவரினும் ஆறாண்டு மூத்தவர். மாட மாளிகையில் வளர்ந்த அவர் மணம் முடிந்ததும் கணவருடன் மலைமேற் குடிபுகுந்தார். வாழவந்தியில் பிராண்டு தம் கையாலேயே மரவீடு ஒன்று அமைத்தார். கறையான் ஏறாதிருத்தற் பொருட்டு, வீட்டைத் தாங்கிய தூண்களின் தலையில் இரும்புச் சட்டிகளைக் கவிழ்த்து, அவற்றின்மேல் வீட்டை நிறுத்தினார் என்பர். மலைக்கு ஏற்ப வாழக் கற்றவர்க்கே மலையிற் கற்பிக்கும் தகுதி உண்டென்பதற்கு அவ்வீடே சான்றாய் நின்றது.

முதல் தடை: நோய்

கல்வி என்றவுடன் நாம் பள்ளியையும் பலகையையும் நினைக்கின்றோம். பிராண்டும் அவற்றை நினைந்தே மலையேறியிருத்தல் கூடும். ஆயின், காய்ச்சலால் நடுங்கும் சிறுவனுக்கு அகரம் எதற்கு? மலைக்காய்ச்சல் உடலை மட்டும் வருத்துவதன்று. அது குருதியை வற்றச் செய்யும். ஊக்கத்தைக் குன்றச் செய்யும். நினைவைத் தளரச் செய்யும். இடையிடையே வந்து படுக்கையில் தள்ளும் நோயினால் பாடத்தின் தொடர்ச்சி அறுபடும். இங்ஙனம் நலிந்த சிறுவனைக் கண்டு சமவெளியார் சோம்பன் என்றும் மந்தன் என்றும் பெயரிட்டனர்.

நரம்புச் சிலந்தி என்னும் நோயும் அம்மலையிற் கொடுமை செய்தது. நோயுற்றோர் காலை நனைத்த கிணற்று நீரில் அதன் குஞ்சுகள் கலக்கும். கண்ணுக்கு எளிதிற் புலனாகாத நீர்ப்பூச்சி அவற்றை விழுங்கும். அந்நீரைப் பருகுவார் உடலில் ஓராண்டளவில் நீண்ட புழுவொன்று வளர்ந்து, காலைத் துளைத்துக்கொண்டு வெளிப்படும். அப்போது நோயாளி நடத்தற்கும் இயலார். பிராண்டு அப்புழுவைச் சிறு குச்சியிற் சுற்றி, அறாமல், நாள்தோறும் சிறிது சிறிதாக வெளியே இழுப்பார். அறுந்தால் உள்ளே சீழ்பிடிக்கும். மருந்தினும் பொறுமையே அம்மருத்துவத்திற்கு வேண்டுவது. நோயைத் தீர்ப்பதோடு அவர் அமையவில்லை. கிணற்றினுள் இறங்கி நீர் மொள்ளும் வழக்கமே நோயின் வேர் என்பதை மக்களுக்கு விளக்கிக் கிணறுகளைச் சுற்றிக் கற்சுவர் எழுப்பச் செய்தார். இந்நோய் இந்தியாவிலிருந்து அறவே ஒழிந்தது என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2000ஆம் ஆண்டிற் சான்றளித்தது. முடிவில் நோயை வென்றது புதுமருந்து அன்று. நீரைக் காத்தலும் மக்களுக்கு அறிவுறுத்தலுமே ஆம். அவ்வழியைப் பிராண்டு தம் காலத்திலேயே அம்மலையிற் பின்பற்றினார்.

பல் பிடுங்குதல், கட்டி அறுத்தல், புண் கழுவுதல் முதலிய யாவும் அவர் வீட்டுத் திண்ணையில் நிகழ்ந்தன. தொழுநோயுற்றோர் சிலர் ஒருநாள் அவரை நாடி வந்தனர். அவர்தம் புண்களைக் கழுவிக் கட்டிய தந்தையாரின் முகத்தைச் சிறுவனாயிருந்த அவர் மகன் தொலைவில் நின்று பார்த்தான். அக்காட்சி பின்னாளில் எத்துணைப் பெரும்பயன் விளைத்தது என்பதைப் பின்னர்க் கூறுவேன்.

இரண்டாம் தடை: ஐயம்

பள்ளி திறந்தால் பிள்ளைகள் ஓடிவருவர் என்று நினைத்தல் பேதைமை. பள்ளி என்பது அம்மக்களுக்கு அயலார் பொருள். எழுத்தறிந்தவர் என்று அவர்கள் கண்டவர் யாவர்? வரி கேட்க வந்த அலுவலர். காடு காக்க வந்த காவலர். கடன் சீட்டில் கைந்நாட்டு வாங்கிய வணிகர். எழுத்து அவர்களுக்குத் தீங்காகவே வந்தது, துணையாக வந்ததில்லை. அத்தகைய எழுத்தைத் தம் மக்கள் கற்க வேண்டும் என்னும் ஆவல் அவர்க்கு எங்ஙனம் பிறக்கும்? பிள்ளையைப் பள்ளிக்கு விடாத பெற்றோரை அறியாதார் என்று இகழ்வது எளிது. அவர்தம் பட்டறிவு அவ்வாறு கற்பித்தது என்பதை உணர்தலே அரிது.

பிராண்டின் மீதும் அவ்வையம் நீங்கவில்லை. அவர் கிறித்துவின் நற்செய்தியைக் கூற வந்தவர். அதனை அவர் மறைத்தாருமில்லை. ஆண்டுகள் பல கடந்தும் அவர் நெறியில் எவரும் சேர்ந்திலர். மலைக்கோயிற் பூசாரி ஒருவர் அவரை வெளிப்படையாக எதிர்த்து நின்றார். அந்நிலையில் 1918ஆம் ஆண்டு முதல் உலகெங்கும் பரவிய இன்புளுவென்சா என்னும் விஷக்காய்ச்சல் கொல்லிமலையையும் தாக்கியது. குடும்பம் குடும்பமாக மக்கள் வீழ்ந்தனர். பிராண்டும் எவெலின் அம்மையாரும் கஞ்சி காய்ச்சிக் குடம் குடமாகச் சுமந்து, வீடுதோறும் சென்று, படுத்தவர் வாயில் ஊட்டினர். அப்பூசாரியும் அவர் மனைவியும் நோய்வாய்ப்பட்டனர். அண்டை அயலார் அஞ்சி ஒதுங்கிய வேளையில் பிராண்டு தம்பதியரே அவர்க்குத் துணைநின்றனர். இறக்கும் தறுவாயில் பூசாரி தம் பெண்மகவை அவ்விருவரிடமே ஒப்படைத்தார். ரூத்து எனப் பெயர்பெற்ற அம்மகவு அவர் இல்லத்தில் அவர் மகளாகவே வளர்ந்தது.

இந்நிகழ்ச்சி மலையெங்கும் பரவியது. தம் பூசாரியே சாகும்போது தம் குழந்தையை நம்பிக் கொடுத்த மனிதரை நாம் நம்பலாகாதோ என்று மக்கள் எண்ணத் தலைப்பட்டனர். பள்ளியின் முதற்பாடம் அகரம் அன்று, நம்பிக்கையே. ஆசிரியரைப் பெற்றோர் நம்பாத இடத்தில், எத்துணைச் சிறந்த பாடநூலும் எட்டுச் சுரைக்காயாகவே நின்றுவிடும்.

மூன்றாம் தடை: வறுமை

நம்பிக்கை பிறந்த பின்னும் வயிறு இருக்கின்றதே! மலைச்சிறுவன் வெறுங்கையன் அல்லன்; அவன் ஒரு வேலையாள். தினை முற்றும் காலத்தில் கிளி ஓட்டுபவன் அவன். மாடு மேய்ப்பவன் அவன். தம்பி தங்கையரைச் சுமப்பவள் அவன் தமக்கை. பள்ளி அவனை ஒரு நாள் அழைத்துக்கொண்டால் வீட்டில் ஒரு வேலை குறைகின்றது. சமவெளிச் செல்வர் மகனுக்குப் பள்ளி ஓய்வு நேரம். மலைச்சிறுவன் வீட்டிற்கோ பள்ளி ஓர் இழப்பு. இவ்விருவரையும் ஒரே மணியடித்து ஒரே தேர்வில் நிறுத்தி, எண்ணிக்கை குறைந்தவனை அறிவிலி என்பது நடுவுநிலைமை ஆகுமா?

பிராண்டு இதனை உணர்ந்தார். ஆதலின் அவர் நிறுவிய பள்ளிகளில் எழுத்தோடு தொழிலும் இடம்பெற்றது. தச்சு வேலையும் கட்டட வேலையும் அவரே கற்பித்தார். பட்டுப்பூச்சி வளர்ப்பையும் கனிமரம் நடுதலையும் அறிமுகப்படுத்தினார். கையால் ஒரு பொருளைச் செய்து விற்றுக் காசு கொணரும் மகனைப் பெற்றோர் பள்ளிக்கு மகிழ்ந்து விடுவர் என்பது அவர் கண்ட உண்மை. அளந்து அறுக்கும் தச்சுப் பயிற்சியிற் கணக்கு இருக்கின்றது. செடி வளர்ப்பதில் இயற்கைநூல் இருக்கின்றது. தமக்குரிய நிலத்திலும் காட்டிலும் மலைவாணர்க்கு இழைக்கப்பட்ட முறைகேடுகளை அரசினர்க்கு எடுத்தெழுதுவதும் அவர் தொண்டில் ஒரு பகுதியாயிற்று. நாடு நாடாக நடந்தும், குதிரைமேற் சென்றும், அவர் அலைந்த அலைச்சலுக்கு அளவில்லை. மருத்துவர், தச்சர், ஆசிரியர், உழவர், வழக்குரைப்பவர் எனப் பல வேடங்களை ஒருவரே தாங்கினார். இவையெல்லாம் வெவ்வேறு தொண்டுகள் போலத் தோன்றினும், ஒரே தொண்டின் கிளைகளே. ஒரு குழந்தை கற்க வேண்டுமாயின் அதன் உடலும் வீடும் ஊரும் முதலில் நிமிர்தல் வேண்டும் என்னும் கருத்தே அவற்றின் அடிமரம்.

ஒரே மரம், இரு சிறுவர்

இனி, பிராண்டின் வாழ்வில் என்னை மிகவும் சிந்திக்கச் செய்த பகுதிக்கு வருகின்றேன். அவர்க்குப் பால் என்னும் மகன் 1914ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் நாள் பிறந்தான். பின்னர்க் கான்னி என்னும் மகளும் பிறந்தாள். இவ்விருவரும் கொல்லிமலைக் குழந்தைகளாகவே வளர்ந்தனர். பால் மலைச்சிறுவருடன் மரமேறினான், ஓடையிற் குதித்தான், கிளையிலிருந்து கிளைக்குத் தாவினான். ஓரிடத்தில் அமர்ந்து பாடம் படித்தல் அவனுக்கு வேம்பாய்க் கசந்தது. தாயார் அதற்காக அவனைக் கடியவில்லை. பலாமரக் கிளைமேல் அமர்ந்தே கணக்குப் போட இசைந்தார். அவன் மேலிருந்து தாளை அனுப்ப, அவர் கீழிருந்து திருத்துவார்.

1923ஆம் ஆண்டு விடுமுறையில் பிராண்டு குடும்பத்தோடு இங்கிலாந்து சென்றார். பின்னர்ப் பெற்றோர் இருவரும் மலைக்குத் திரும்பியபோது பிள்ளைகள் கல்வியின் பொருட்டு இலண்டனில் உறவினர் இல்லத்தில் விடப்பட்டனர். பாலுக்கு அப்போது வயது ஒன்பது. மலைச்சிறுவர் கல்விக்காகத் தம் வாழ்வையே கொடுத்த அப்பெரியாரும், தம் மக்கட்கு வேண்டிய கல்வியை அம்மலை அளிக்க இயலாது என்று கருதினார். இதனைக் குறையென்று கூறுவோம் அல்லேம். எந்தப் பெற்றோரும் அவ்வாறே செய்திருப்பர். ஆயினும், இலண்டனுக்கு அனுப்ப வழியில்லாத நூற்றுக்கணக்கான பெற்றோர் அம்மலையில் இருந்தனர் என்பதை நாம் மறத்தலாகாது.

இலண்டனில் பால் சிறந்த மாணவனாக விளங்கினானா? இல்லை. பள்ளிப் பாடத்தில் அவன் உள்ளம் செல்லவில்லை. பதினாறு வயதிற் பள்ளியை விட்டு விலகி, தந்தையாரைப் போலவே கட்டடத் தொழில் பயிலச் சென்றான். ஐந்தாண்டு அத்தொழிலிற் கழிந்தது. குண்டனி நாட்டிற் பலாமரத்தடியில் நின்ற அச்சிறுவனை ஒத்தவனே இவனும். ஆயின் பாலுக்குப் பின்னும் ஒரு வாயில் திறந்தது. தந்தையார் பயின்ற லிவிங்ஸ்டன் கல்லூரியில் ஓராண்டு மருத்துவம் பயின்றான். அங்கே அவன் உள்ளம் விழித்தது. அதன்பின் இலண்டன் பல்கலைக் கழகக் கல்லூரி மருத்துவமனையில் முறையாக மருத்துவம் கற்று அறுவை மருத்துவராயினான். 1946ஆம் ஆண்டு வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தான். தொழுநோயால் மடங்கிப்போன கைகளை, நரம்பு கெடாத தசைநார்களை இடம்மாற்றிப் பொருத்தி, மீண்டும் இயங்கச் செய்தான். தொழுநோயர் விரல் தேய்வது சதை அழுகுவதால் அன்று, வலி உணராமையால் நேரும் காயங்களால் என்பதை உலகிற்கு விளக்கினான். 1960ஆம் ஆண்டு லாஸ்கர் விருது அவனை நாடி வந்தது. 2003ஆம் ஆண்டு டாக்டர் பால் பிராண்டு மறைந்தபோது உலகெங்குமுள்ள மருத்துவர் வருந்தினர். வாழவந்தித் திண்ணையில் கண்ட காட்சியும், மரத்தில் ஏறிய விரல்களும், தச்சுத் தொழில் தந்த நுணுக்கமும் ஒன்றுகூடி அம்மருத்துவரை ஆக்கின.

ஒரே மலை, ஒரே மரம், ஒரே விளையாட்டு. ஆயின், பால் ஒருமுறை வழுக்கினான். தாங்கக் கை இருந்தது. மறுமுறை வழுக்கினான், மற்றொரு கை இருந்தது. எழுத்தறிந்த தாய், வாரந்தோறும் கடிதம் எழுதும் தந்தை, புத்தகம் நிறைந்த நகரம், உணவளிக்கும் உறவினர், மீண்டும் சேர்த்துக்கொள்ளும் கல்லூரி என அவன் காலடியில் படி படியாக ஏணி அமைந்திருந்தது. அவனோடு மரமேறிய மலைச்சிறுவனுக்கோ ஒரே படி; அதில் வழுக்கினால் நிலந்தான். குலத்திற்குக் குலம், நாட்டிற்கு நாடு கல்வியில் தோன்றும் ஏற்றத்தாழ்வை ஆராய்வார் பலர் பல காரணம் கூறுவர். என் சிற்றறிவிற்கு எட்டியது இதுவே: முன்னேறிய கூட்டத்தார் தவறாதவர் அல்லர், தவறியபின் தாங்கப்பெற்றவர். பின்தங்கிய கூட்டத்தார் அறிவு குறைந்தவர் அல்லர். ஒருமுறை தவறினால் மறுமுறை பெறாதவர்.

மறைவு

பிராண்டு மலையினின்றும் தம் மக்களுக்கு இடைவிடாது கடிதம் எழுதி வந்தார். பறவை, பூச்சி, மரம், மலர் என மலையின் இயற்கையையெல்லாம் அக்கடிதங்களில் எழுதுவார். நேரிற் கற்பிக்க இயலாத தந்தை எழுத்தாற் கற்பித்தார். மீண்டும் விடுமுறையிற் சென்று மக்களைக் காணும் நாளையும் எதிர்நோக்கியிருந்தார். ஆயின் 1929ஆம் ஆண்டு காய்ச்சல் அவரைப் பற்றியது. மலைக்காய்ச்சல் முற்றிச் சிறுநீரைக் கருக்கச் செய்யும் கொடிய வகை அது. ஜூன் திங்கள் 15ஆம் நாள், நாற்பத்து நான்காம் வயதில், அவர் உயிர் நீத்தார். தாம் பணிபுரிந்த மலையிலேயே அடக்கம் செய்யப்பெற்றார்.

தந்திவழியே செய்தி இலண்டனுக்கு உடனே சென்றது. கப்பல்வழியே சென்ற கடிதங்களோ அதன் பின்னரும் வந்துகொண்டிருந்தன. இறந்த தந்தையின் கையெழுத்து, அவர் உயிரோடிருப்பது போலவே, மரங்களையும் பறவைகளையும் பற்றிப் பேசிற்று. பதினைந்து வயது நிரம்பாத மகன் அவற்றை எந்நிலையிற் படித்திருப்பான் என்பதை எழுத என் எழுதுகோலுக்கு வன்மை இல்லை.

எவெலின் அம்மையார் சிலகாலம் இங்கிலாந்தில் இருந்துவிட்டுத் தமிழகத்திற்கே திரும்பினார். 1947ஆம் ஆண்டு சங்கத்தார் முதுமை கருதி அவர்க்கு ஓய்வளித்தனர். அவரோ ஓய்வு பெற்ற அறுபத்தெட்டாம் வயதில் மீண்டும் மலையேறினார். கொல்லிமலையோடு அமையாது, பச்சைமலை, கல்வராயன்மலை முதலிய மலைகளுக்கும் மட்டக் குதிரையில் ஏறிச் சென்று தொண்டாற்றினார். 1974ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள், தொண்ணூற்றைந்தாம் வயதில் மறைந்தார். அவர் உடலும் கொல்லிமலைக்குக் கொண்டு செல்லப்பெற்றுக் கணவரின் அருகே அடக்கம் செய்யப்பெற்றது. பிராண்டின் பணி பதினாறாண்டில் முறிந்துபோகாமல் நெடுநாள் நின்றது இவ்வம்மையாராலேயே.

முடிவுரை

ஜெஸ்ஸி பிராண்டு தொடங்கிய பணி முற்றுப்பெற்றதா? நோய்கள் பல அகன்றன. பாதை வந்தது, பேருந்து ஏறுகின்றது. அரசினரின் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் தோன்றியுள்ளன. மலையில் பிறந்து ஆசிரியராகவும் செவிலியராகவும் திரும்பி வந்தோரும் உளர். ஆயினும், 2011ஆம் ஆண்டு மக்கட் கணக்கின்படி தமிழ்நாட்டில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு 80 பேர். பழங்குடியினருள் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு 54 பேரே. அவ்விரு எண்களுக்கும் இடையே உள்ள இருபத்தாறு என்னும் எண்ணைத் தேர்வுத்தாள் கணக்கென்று நாம் கருதலாகாது. அது கிளி ஓட்டச் சென்ற சிறுவரின் எண். தம்பியைச் சுமந்த சிறுமியரின் எண். ஒருமுறை வழுக்கி நிலத்தில் விழுந்தவர்களின் எண்.

மலைச்சிறுவன் பள்ளியிற் கேட்கும் தமிழ் அவன் வீட்டுத் தமிழினின்றும் வேறுபடுகின்றது. அவன் வழங்கும் சொல்லைக் கேட்டு நகைக்கும் ஆசிரியர் ஒருவரே அவன் நாவைக் கட்டிவிடப் போதும். தமிழ் பயிலும் நாம் அச்சொல்லைக் கேட்டு நகைக்கலாமா? வாழும் தமிழைத் தேடும் மாணாக்கர்க்கு அதுவும் ஓர் ஏடன்றோ! நூற்றுக்கணக்கான செடிகொடிகளின் பெயரும் பயனும் அறிந்த முதியோர் அம்மலையில் உள்ளனர். அவர் அறிவை நம் தேர்வுகள் வினவுவதில்லை. வினவாத தேர்வில் அவர் தேறவில்லை என்று கூறுதல் நம் அறியாமையே.

பிராண்டு பெரும்புலவர் அல்லர், பெருஞ்செல்வரும் அல்லர். தம்மிடமிருந்த இரு கைகளையே அவர் கொணர்ந்தார். அவ்விரு கைகளும் புழுவைச் சுற்றின, கஞ்சியை ஊட்டின, உளியைப் பிடித்தன, அகரத்தை எழுதின. வழுக்கியவரைத் தாங்கும் கைகளாகவே இறுதிவரை இருந்தன. நாமும் யாரோ ஒருவர் கை தாங்கியதனாலேயே இங்கு அமர்ந்து பயில்கின்றோம். என்னைத் தாங்கியது கடன் வாங்கிய எந்தையின் கை. இதனை மறந்து, நம் மதிப்பெண் முழுதும் நம் மதியால் வந்ததென்று தருக்குதல் தகாது.

குண்டனி நாட்டினின்றும் புறப்பட்ட காலையில் அச்சிறுவனை மீண்டும் கண்டேன். தனித்தேர்வராக எழுதுதற்கு வழியுண்டு என்பதைக் கூறினேன். அதற்குரிய செய்திகளைத் திரட்டி அனுப்புவதாகச் சொல்லி அவன் ஊர் முகவரியைக் குறித்துக்கொண்டேன். இக்கட்டுரையை எழுதி முடித்த இந்நாள்வரை இரண்டு கடிதம் எழுதியுள்ளேன். அதில் ஒன்றிற்கு விடை வந்தது. கோணலான எழுத்து, பிழை மலிந்த எழுத்து. ஆயினும், அடுத்த பருவத்தில் எந்தெந்தப் பாடத்தை முதலிற் படிக்க வேண்டும் என்னும் வினா அதில் இருந்தது. கடிதத்தாற் கற்பித்த ஒரு தந்தையின் வாழ்க்கையைப் படித்தவன் நான். மறுமொழி எழுதாமல் இருத்தல் எங்ஙனம்?